திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன்

மாதுங்காவிலிருந்து தாதரை நோக்கிக் கால்நடையாகச் செல்லும் நம்மவர் பலர் இந்து காலனியிலுள்ள ராஜகிருகம் என்னும் இல்லத்தைக் கண்டிருப்பர். டாக்டர் அம்பேத்கர் தம்முடைய நூல்களுக்கு இடம் வேண்டுமென்று கருதி 1930-களின் தொடக்கத்தில் கட்டுவித்த வீடு அது. டிசம்பர் 6-ஆம் நாள் தாதரில் கூடும் பெருந்திரளை அறியாத மும்பைத் தமிழர் இலர். ஆயினும், 1930-இல் அம்பேத்கர் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தபோது அவருடன் தாழ்த்தப்பட்ட மக்களின் பேராளராக அமர்ந்திருந்த மற்றொருவர் தமிழர் என்பதையும், அப்போது அவருக்கு வயது எழுபதை ஒட்டியிருந்தது என்பதையும் அறிந்தவர் நம்மிடையே சிலரே. அவரே இரட்டைமலை சீனிவாசன்.

அம்பேத்கருக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. இருவருக்குமிடையே ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட இடைவெளி இருந்தது. ஒருவர் கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்று பட்டங்கள் பெற்றவர். மற்றவர் நீலகிரியில் வணிக நிலையங்களில் கணக்கு எழுதியவர். பின்னர்ப் பத்திரிகை நடத்தி, அதன்பின் கடல் கடந்து நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக ஊழியம் செய்தவர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு அவர்பால் தனிப்பற்று உண்டாவதற்கு இது ஒரு காரணம் என்பதை மறைப்பானேன்!

செங்கற்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்தையடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில் 1860-ஐ ஒட்டி அவர் பிறந்தார். சாதிக் கொடுமை பொறுக்காது அவர் குடும்பம் ஊரைவிட்டுத் தஞ்சைக்கும் பின்னர்க் கோயமுத்தூருக்கும் பெயர்ந்தது. கோயமுத்தூர்க் கலாசாலையில் அவர் பயின்ற நாளைப் பற்றிப் பிற்காலத்தில் தாமே எழுதிய வாழ்க்கைச் சுருக்கத்தில் ஒரு செய்தி கூறுகிறார். ஏறத்தாழ நானூறு மாணவரில் பத்துப்பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர். எவரோடாவது நட்புக் கொண்டால் அவர்கள் வீட்டையும் சாதியையும் வினவுவர் என்று அஞ்சி, பள்ளிக்கு வெளியே எங்கேனும் நின்று படித்துக் கொண்டிருந்து, தொடக்கமணி அடித்த பின்னரே அவர் வகுப்புக்குள் நுழைவாராம். பள்ளி விட்டதும் பிறர் கண்ணிற் படாமல் விரைந்து வீடு திரும்புவார். விளையாட்டு என்பதே அவருக்கு இல்லை. பிற்காலத்தில் அரசர் முன்னும் அமைச்சர் முன்னும் அஞ்சாது பேசியவருக்குப் பள்ளிப் பிள்ளைகளிடம் அத்தனை அச்சம் இருந்தது. வேற்றூரில் வந்து குடியேறி, பக்கத்து வீட்டார் "உங்களுக்கு எந்த ஊர், நீங்கள் என்ன ஆட்கள்?" என்று கேட்கும்போது சொல்ல வாயெழாது நின்ற அனுபவம் நம் நேயர்களில் எத்தனை பேருக்கு உண்டோ, அவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

படிப்பை முடித்து நீலகிரிக்குச் சென்று, ஏறத்தாழப் பத்தாண்டுகள் கணக்கராகப் பணியாற்றினார். அங்கே வாழ்ந்த பண்டிதர் அயோத்திதாசர் அவருக்கு மைத்துனர். சீனிவாசனாரின் உடன்பிறந்தவரான தனலட்சுமி அம்மையாரை மணந்தவர். உறவினராயினும் கருத்தில் இருவரும் வெவ்வேறு வழியினர். அயோத்திதாசர் பறையர் என்னும் பெயரையே ஏற்காது, அம்மக்களைப் பூர்வ பௌத்தர் என்றும் தமிழர் என்றும் அழைத்து, 1907-இல் தாம் தொடங்கிய இதழுக்குத் தமிழன் என்று பெயர் சூட்டியவர். சீனிவாசனாரோ நேர் எதிர்வழி சென்றார். 1893 அக்டோபரில் சென்னையில் தாம் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். நான்கு பக்கம், விலை இரண்டணா. முதலில் திங்களிதழாக வெளிவந்து பின்னர்க் கிழமையிதழாயிற்று.

பிறர் இழிசொல்லாக எறிந்ததையே எடுத்துத் தலைப்பாகச் சூடிக்கொள்வானேன் என்று அன்றே பலர் வினவினர். அவர் கூறிய காரணம் எளியது. தன் இனத்தின் பெயரைச் சொல்ல நாணி ஒளிந்து வாழ்பவன் எந்த உரிமையையும் கேட்டுப் பெற முடியாது. இன்னான் என்று வெளிப்படச் சொல்லி முன்வருபவனே கேட்க முடியும். மணியடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே நின்ற சிறுவனே இவ்வாறு எழுதினான் என்பதை மறந்துவிடலாகாது. ஆசிரியருக்கு வந்த கடிதம் ஒன்றை வெளியிட்டதற்காக வழக்குத் தொடுக்கப்பட்டு நூறு ரூபாய் தண்டமும் செலுத்தினார். இதழ் ஏழாண்டுகள் நடைபெற்றது.

இதழ் தொடங்கிய அவ்வாண்டிலேயே அவர் ஈடுபட்ட கிளர்ச்சியொன்று இன்றும் விவாதத்துக்குரியது. இந்திய சிவில் சர்வீஸ் தேர்வு அந்நாளில் இலண்டனில் மட்டுமே நடைபெற்றது. இந்தியாவிலும் உடன் நடத்த வேண்டுமென்பது காங்கிரசின் கோரிக்கை. அப்போது பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் உறுப்பினராயிருந்தவர் நம் பம்பாய் நகரத்துப் பெரியார் தாதாபாய் நவுரோஜி. 1893 ஜூனில் காமன்ஸ் சபை அக்கோரிக்கைக்கு இசைவாகத் தீர்மானமும் நிறைவேற்றியது. நாடே மகிழ்ந்தபோது, சென்னையில் சீனிவாசனார் எதிர்ப்பு மனுவொன்று திரட்டினார். 3,412 பேர் கையொப்பமிட்ட அம்மனு 112 அடி நீளமிருந்தது. ஜெனரல் செஸ்னி என்பவர் வாயிலாக அது பாராளுமன்றத்துக்கு அனுப்பப்பட்டது.

நாட்டுப்பற்றில்லாச் செயல் என்று இதனை ஒதுக்கிவிடுவது எளிது. அவர் எண்ணியதை நோக்குதல் நன்று. அன்றிருந்த கல்வி நிலையில் இந்தியாவில் தேர்வு நடந்தால் தேறக்கூடியவர் யார்? கோயமுத்தூரில் நானூறில் பத்து என்று கண்டவருக்கு விடை தெரியும். அவ்வாறு தேறி வருபவரே கலெக்டராகவும் நீதிபதியாகவும் அமர்ந்தால், கிணற்றருகே அடிபட்டவன் யாரிடம் முறையிடுவது? அவர் அச்சம் பொருளற்றதன்று. ஆனால் அதற்கு அவர் கண்ட மருந்து, அந்நியன் கையிலேயே அதிகாரம் இருக்கட்டும் என்பது, நோயைத் தீர்க்கும் மருந்தன்று என்றே நான் கருதுகிறேன். வெள்ளைக்காரக் கலெக்டரும் ஊர்ப் பெரியதனக்காரர் சொல்லைக் கேட்டே ஆட்சி செய்தார். பிற்காலத்தில் சீனிவாசனாரே இதனை உணர்ந்தார் என்பதற்கு அவர் இலண்டனில் கேட்டவையே சான்று. மற்று, அத்தேர்வு இந்தியாவில் நடக்கத் தொடங்கியது 1922-இல்தான்.

1900-இல் இங்கிலாந்து செல்லும் நோக்கத்தோடு கப்பலேறியவர் அங்குச் சென்று சேரவில்லை. சான்சிபாரில் தங்கி, அங்கிருந்து தென்னாப்பிரிக்கா சென்று, நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரானார். கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்த தமிழர் வழக்கு மன்றத்துக்கு வரும்போது அவர்கள் சொல்லை ஆங்கிலத்திலும், நீதிபதியின் சொல்லைத் தமிழிலும் எடுத்துரைப்பது அவர் வேலை. ஏறத்தாழ இருபதாண்டுகள் தாயகத்துக்கு வெளியே கழிந்தன. வேலை தேடி வெளியேறியவன் அங்கேயே வேரூன்றிப் போவதும், பாதி வாழ்வு கழிந்தபின் திரும்பிப் பார்ப்பதும் தாராவிக்கும் செம்பூருக்கும் புதியனவல்ல.

திரும்பி வந்தபோது நாடு மாறியிருந்தது. 1919-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாகாணச் சட்டசபைகள் விரிவடைந்திருந்தன. சென்னைச் சட்டசபைக்குத் தேர்தலால் வருவோர் 98 பேர். சொத்தும் வரியும் உள்ளவருக்கே வாக்குரிமை என்பதால் தாழ்த்தப்பட்டோர் தேர்தல் வாயிலாக உள்ளே வருதல் இயலாது. அவர்களுக்கென்று கவர்னர் ஐவரை நியமிக்கலாம் என்று சட்டம் இடம் வைத்தது. பின்னர் அத்தொகை கூட்டப்பட்டது. அவ்வாறு முதலில் நியமனம் பெற்றவர் எம். சி. ராஜா. 1922-இல் அவருடைய முயற்சியால், பழைய பெயர்களுக்கு மாற்றாக ஆதிதிராவிடர் என்னும் பெயரை அரசாங்க ஏடுகளில் வழங்கச் சட்டசபை இசைந்தது. சீனிவாசனார் 1923-இல் நியமன உறுப்பினரானார்.

நியமன உறுப்பினர் நிலை இரங்கத்தக்கது. அவரை அனுப்பியது மக்களல்லர், கவர்னர். ஆகவே அரசாங்கத்தை மிகக் கடிந்து பேசினால் அடுத்த முறை இடமில்லை. பேசாதிருந்தாலோ சொந்த மக்களிடம் மதிப்பில்லை. இந்தக் குறுகிய வழியிலும் சில நன்மைகள் விளைந்தன. 1924 ஆகஸ்டில், பொதுச் சாலையிலும் தெருவிலும் எவ்வகுப்பினரும் நடந்து செல்லவும், பொதுக் கிணறு, குளம், அரசாங்க அலுவலகம் ஆகியவற்றை அணுகவும் தடையில்லை என்னும் தீர்மானம் சென்னைச் சட்டசபையில் நிறைவேறியது. சீனிவாசனாரும் ஆர். வீரையனும் உறுப்பினராயிருந்த அவை அது. அடுத்த திங்களிலேயே அரசாங்க ஆணையும் பிறந்தது.

பம்பாய் இதில் ஓராண்டு முந்திக்கொண்டது. எஸ். கே. போலே என்பவர் கொணர்ந்த இத்தகைய தீர்மானத்தைப் பம்பாய்ச் சட்டசபை 1923 ஆகஸ்டில் ஏற்றது. அதனைப் பின்பற்றி மகாட் நகரசபை தன் குளத்தை 1924-இல் திறந்துவிட்டதாக ஏட்டில் எழுதியது. ஏட்டில் திறந்த குளத்தில் நீர் பருகுவதற்கு 1927 மார்ச் 20-இல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவரோடு நடந்து செல்ல வேண்டியிருந்தது. பருகியவர் அடிபடவும் வேண்டியிருந்தது. தீர்மானத்துக்கும் தண்ணீருக்கும் உள்ள தொலைவு இரு மாகாணத்திலும் ஒன்றே. அவ்வாண்டில் அம்பேத்கரும் பம்பாய்ச் சட்டசபையில் சீனிவாசனாரைப் போன்று நியமன உறுப்பினராகவே இருந்தார்.

இனி இலண்டன் நிகழ்ச்சி. 1930 நவம்பர் 12-ஆம் நாள் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வட்டமேசை மாநாட்டைத் தொடங்கி வைத்தார். காங்கிரஸ் அம்முதற் கூட்டத்தில் கலந்துகொள்ளவில்லை. தாழ்த்தப்பட்டோர் சார்பில் அழைக்கப்பட்டவர் அம்பேத்கர், சீனிவாசன் ஆகிய இருவரே. மன்னரைச் சந்தித்த நிகழ்ச்சியைச் சீனிவாசனார் தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் குறித்துள்ளார். தீண்டாமை என்பது யாது என்று மன்னர் வினவ, தெருவில் ஒருவன் வீழ்ந்து கிடந்தாலும் மேல்வகுப்பார் அவனைத் தொட்டுத் தூக்கமாட்டார்கள் என்று இவர் விடையளிக்க, மன்னர் திடுக்கிட்டாராம். இக்கதை பலவாறு வளர்ந்து வழங்குகிறது. வளர்ச்சியெல்லாம் நமக்கு வேண்டா. ஒரு பெரிய கேள்விக்கு ஒரு தெருக்காட்சியால் விடை கூறும் திறமை வழக்குமன்ற மொழிபெயர்ப்பாளருக்கு எளிதில் வாய்ப்பதே.

கதையைவிட மதிப்புடையது அவ்விருவரும் சேர்ந்து கையொப்பமிட்டு மாநாட்டின் முன் வைத்த அறிக்கை. எதிர்கால அரசியலமைப்பில் தாழ்த்தப்பட்டோருக்கு வேண்டிய காப்புகளை அது வரிசையாக வகுத்தது. சம குடியுரிமை, அவ்வுரிமையைத் தடையின்றித் துய்த்தல், பாகுபாட்டுக்கு எதிரான பாதுகாப்பு, சட்டசபையிலும் அரசாங்க ஊழியத்திலும் போதிய இடம், அமைச்சரவையில் இடம் ஆகியவை அவற்றுள் அடங்கும். இவையனைத்தினும் என் கருத்தைக் கவர்ந்தது சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்க வேண்டும் என்னும் பகுதி. ஊரார் ஒன்றுகூடி ஒருவனுக்கு வேலை கொடாதிருத்தல், கடைக்காரன் அவனுக்கு அரிசி விற்காதிருத்தல், வழியை அடைத்தல், இவற்றிற்கு அன்று பொதுவாகத் தண்டனையில்லை, அடித்தால்தானே குற்றம்! பட்டினி போட்டால் குற்றமன்று. இதற்குச் சான்றாக அறிக்கை இரண்டு அரசாங்க ஏடுகளைக் காட்டுகிறது. ஒன்று 1928-ஆம் ஆண்டுப் பம்பாய்க் குழுவின் அறிக்கை. மற்றொன்று 1892-ஆம் ஆண்டுச் சென்னை வருவாய் வாரியத்தின் நடவடிக்கைக் குறிப்பு. சேரிமக்களைப் பொய்வழக்காலும் வேலை மறுப்பாலும் நிலவுடைமையாளர் அடக்கும் முறைகளை அது பட்டியலிடுகிறது. மராத்திய நாட்டுச் சான்றும் தமிழ்நாட்டுச் சான்றும் ஒரே தாளில் அருகருகே நின்றன.

தேர்தல் முறையைப் பற்றி அவர்கள் கேட்டது இன்னது: வயது வந்த அனைவருக்கும் வாக்கு, முதற் பத்தாண்டுக்குத் தனி வாக்காளர் தொகுதி, அதன்பின் பொதுத் தொகுதியில் ஒதுக்கப்பட்ட இடங்கள். தனித் தொகுதி என்று இன்று நாம் சொல்வது வேறு. அன்று கேட்டது, தாழ்த்தப்பட்டோர் மட்டுமே வாக்களித்துத் தம் உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பது. 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் அறிவித்த தீர்ப்பு இதனை ஒருவாறு வழங்கியது. பொதுத் தொகுதியில் மற்றொரு வாக்கும் அளித்தது. எரவாடாச் சிறையிலிருந்த காந்தியடிகள் இதனை எதிர்த்து செப்டம்பர் 20-இல் உண்ணாநோன்பு தொடங்கினார். முதல் நாள் பம்பாயில் மாளவியா தலைமையில் தலைவர்கள் கூடினர். பின்னர்ப் பேச்சு புனாவுக்கு மாறியது. 24-ஆம் நாள் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. தமிழ்நாட்டிலிருந்து சீனிவாசனும், கூட்டுத் தொகுதியையே முன்னரே ஆதரித்து டாக்டர் மூஞ்சேயுடன் தனி உடன்பாடு செய்துகொண்ட எம். சி. ராஜாவும் அதில் கையொப்பமிட்டனர். எதிரெதிர் நின்ற இருவர் பெயரும் ஒரே தாளில் இடம்பெற்றன. கையொப்பமிட்டவருள் பம்பாயின் புகழ்பெற்ற கிரிக்கெட் ஆட்டக்காரர் பல்வங்கர் பாலுவும் ஒருவர்.

உடன்படிக்கையால் மாகாணச் சட்டசபைகளில் ஒதுக்கப்பட்ட இடங்கள் 148 ஆயின. முந்தைய தீர்ப்பில் கிடைத்தவற்றைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. சென்னைக்கு 30, சிந்து உள்ளிட்ட பம்பாய்க்கு 15. ஆனால் தனி வாக்கு போயிற்று. அதற்கு மாற்றாக இரண்டு படித் தேர்தல் வந்தது. முதற்படியில் தாழ்த்தப்பட்ட வாக்காளர் மட்டும் கூடி நால்வரைத் தெரிந்தெடுப்பர். அந்நால்வரில் ஒருவரை அனைத்து வாக்காளரும் தேர்வர். இடம் பெருகியது, தேர்ந்தெடுக்கும் இறுதிச் சொல் கைமாறியது. இது நட்டமா இலாபமா என்று அன்று தொடங்கிய வாதம் இன்னும் ஓயவில்லை. பிற்காலத்தில் அம்பேத்கர் இவ்வுடன்படிக்கையைக் கடுமையாகக் குறைகூறினார்.

சீனிவாசனாருக்கு அரசாங்கம் ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று பட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக வழங்கியது. அவற்றில் அவருக்குப் பெருமையிருந்தது, இக்காலத்தவர் முகஞ்சுளிப்பர். 1935-இல் அம்பேத்கர் இயோலாவில் இந்து மதத்தை விட்டு விலகப் போவதாக அறிவித்தபோது இவர் உடன்படவில்லை. நாம் வருண அமைப்பிற்குப் புறம்பானவர், உள்ளே இருந்தாலன்றோ வெளியேற வேண்டும் என்பது அவர் கட்சி. நட்பு முறியாமலே கருத்து வேறுபட்டது. 1945 செப்டம்பர் 18-இல் அவர் மறைந்தார். சுதந்தரத்தையோ அரசியலமைப்பையோ அவர் காணவில்லை. பிற்காலத்தில் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தபால்தலை வெளியிட்டது.

இங்கே என் தொழில் பற்றிய ஒரு குறிப்பு. அந்நாளைய ஆங்கில ஏடுகள் வழங்கிய பெயரைத் தமிழிற் 'தாழ்ந்த வகுப்பார்' என்று பெயர்த்தவரும் உண்டு. 'தாழ்த்தப்பட்டோர்' என்று பெயர்த்தவரும் உண்டு. முன்னது ஒருவன் நிலையை மட்டும் சொல்லும். பின்னதோ தாழ்த்தியவர் வேறொருவர் உளர் என்பதையும் சேர்த்துச் சொல்லும். சில எழுத்துகளின் மாற்றத்தில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவரே மாறிவிடுகிறார்.

மும்பைத் தமிழருக்கு இவ்வரலாறு பழங்கதையன்று. வட்டமேசையில் மாகாணவாரியாக எண்ணப்பட்ட இடங்கள், அரசியலமைப்பின் 341-ஆம் பிரிவில் மாநிலவாரியான பட்டியலாக உருப்பெற்றன. ஒரு மாநிலத்துப் பட்டியலினத்தார் வேலையை நாடி மற்றொரு மாநிலத்திற் குடியேறினால், பிறந்த மாநிலத்துச் சலுகையைக் குடியேறிய மாநிலத்தில் கோர முடியாது என்று உச்சநீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்தது. 2018-இல் ஐவர் அடங்கிய அமர்வும் அதனையே உறுதிசெய்தது. திருநெல்வேலியிலிருந்து தாத்தா காலத்தில் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்து தாராவியிற் பிறந்து வளர்ந்த பேரனுக்கும் இது பொருந்தும். தந்தையின் பூர்விகச் சான்றிதழைக் காட்டி இங்கேயே அவர் சாதிச் சான்றிதழ் பெறலாம். அது மத்திய அரசாங்க ஊழியத்துக்கும் சொந்த மாநிலத்துக்கும் உதவும், மராட்டிய மாநில அரசின் இடங்களுக்கு உதவாது. சான்றிதழ் ஒன்றைப் பெயர்த்துத் தரச்சொல்லி என்னிடம் வந்த இளைஞர் சிலருக்கு இந்த வேறுபாட்டை விளக்கவே ஒரு மாலைப்பொழுது சென்றதுண்டு.

தாராவிச் சட்டமன்றத் தொகுதி பட்டியலினத்தாருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, அத்தகைய சட்டமன்ற இடத்துக்கு நிற்பவர் அம்மாநிலத்துப் பட்டியலைச் சேர்ந்தவராதல் வேண்டும். லோக்சபையின் ஒதுக்கப்பட்ட இடத்துக்கோ எம்மாநிலத்துப் பட்டியலினத்தாரும் நிற்கலாம். ஆகவே தாராவியில் வாழும் ஆதிதிராவிடத் தமிழர், தமிழ்நாட்டுப் பட்டியலை மட்டும் சான்றாகக் கொண்டு, தம் தெருவுக்குரிய அந்த இடத்திற்குப் போட்டியிட முடியாது, டில்லிக்குப் போட்டியிடலாம்.

சீனிவாசனாரின் ஜீவிய சரித்திரச் சுருக்கம் 1939-இல் வெளிவந்தது. மிகச் சிறிய நூல். ஒரு ரயில் பயணத்துக்குள் படித்து முடிக்கலாம். அண்மைக் காலத்தில் அதற்கு மறுபதிப்புகளும் வந்துள்ளன.